அந்தப் பெண்ணைக் கேட்டார்களா?

இது நீண்ட பதிவு. காபி டம்ளரோடு உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள். பாதி படித்துவிட்டு லைக் போட்டு நகர்கிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான் இருந்தீர்கள்.

என்னிடம் வரலாறு படித்தவர்களில் சிலர் எம்.எஸ்.டபிள்யூ முடித்து இன்று சமூகப் பணியில் இருக்கிறீர்கள். உங்களில் ஒருத்தி அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அதே கேள்வியை நம் உறவு வட்டத்திலும் பல வருடங்களாக நான் கேட்டிருக்கிறேன். "மூளை வளர்ச்சி குறைவான பெண் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டது. கர்ப்பப்பையை எடுத்துவிடலாமா? அதற்கு யார் கையெழுத்துப் போட வேண்டும்?" கேட்கிற பெற்றோர் கெட்டவர்கள் இல்லை. பயந்து போனவர்கள். ஆனால் இந்தக் கேள்விக்கு நூறு வருட வரலாறு இருக்கிறது. அதில் சமூகப் பணியாளர்களின் கையெழுத்து நிறைய இருக்கிறது. போனில் சொல்லி முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் சார்லட்ஸ்வில் என்ற ஊர். அங்கே 1906-இல் பிறந்தவர் கேரி பக். அம்மா பெயர் எம்மா. வறுமை. கேரியைச் சின்ன வயதிலேயே இன்னொரு குடும்பத்தில் வளர்க்கக் கொடுத்துவிட்டார்கள். 1920-இல் எம்மாவை, லிஞ்ச்பர்க் ஊருக்குப் பக்கத்தில் வலிப்பு நோயாளிகளுக்கும் மூளைத்திறன் குறைந்தவர்களுக்கும் என்று அரசு நடத்திய காலனியில் அடைத்தார்கள். கேரி பள்ளிக்கூடம் போனார். ஐந்தாம் வகுப்பு தேறி ஆறாம் வகுப்புக்குப் போனார். நடத்தையும் படிப்பும் மிக நன்று என்று ஓர் ஆசிரியை எழுதியும் வைத்திருக்கிறார். பிறகு வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்று வளர்ப்புக் குடும்பம் படிப்பை நிறுத்திவிட்டது. அப்படிக் காலியான பெஞ்சுகள் எத்தனையை நானே பார்த்திருக்கிறேன். வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு போடுவோம், அவ்வளவுதான்.

1923 கோடையில், வளர்ப்புத் தாயின் உறவுக்காரப் பையன் ஒருவன் கேரியைக் கெடுத்தான். பதினேழு வயதில் கர்ப்பம். குடும்பம் என்ன செய்தது? பையனைக் கேட்கவில்லை. கேரிக்கு மூளைத்திறன் போதாது, அம்மா இருக்கிற காலனிக்கே அனுப்பிவிடுங்கள் என்று மனுப் போட்டது. 1924 மார்ச் 28-இல் விவியன் என்ற பெண் குழந்தை பிறந்தது. குழந்தையை வளர்ப்புக் குடும்பமே வைத்துக்கொண்டது. ஜூன் மாதம் கேரி காலனிக்குப் போய்ச் சேர்ந்தார்.

குழந்தை பிறப்பதற்கு எட்டு நாள் முன்பு, மார்ச் 20-இல், வர்ஜீனியா ஒரு சட்டம் இயற்றியிருந்தது. மூளைத்திறன் குறைந்தவர்கள், வலிப்பு நோயாளிகள் போன்றவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்பது சட்டம். இதற்குப் பின்னால் இருந்த கொள்கையின் பெயர் யூஜெனிக்ஸ். 1883-இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர் வைத்த பெயர். நல்ல விதை எடுத்து நாற்று விடுவது போல மனிதரையும் தேர்ந்தெடுத்துப் பெருக்க வேண்டும், மற்றவர்களைப் பெருகவிடக் கூடாது என்பதுதான் சாரம். ஏதோ ஒரு சில கிறுக்கர்களின் கொள்கை என்று நினைக்காதீர்கள். பேராசிரியர்கள், டாக்டர்கள், நீதிபதிகள் எல்லாரும் முற்போக்குக் கருத்தாக நம்பியது இது. முதல் சட்டத்தை 1907-இல் இண்டியானா மாநிலம் கொண்டு வந்தது. அதன் பிறகு வந்த சட்டங்கள் சிலவற்றைக் கோர்ட்டுகள் தள்ளுபடி செய்துவிட்டன. ஆகவே வர்ஜீனியா முந்திக்கொண்டது. நாமே ஒரு வழக்கை உண்டாக்கி, மேல் கோர்ட்டு வரை கொண்டுபோய், சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வாங்கிவிடலாம் என்று திட்டம். அதற்குப் பொருத்தமாகக் கிடைத்தவர் கேரி. அம்மா உள்ளே, மகள் உள்ளே, பேத்தியும் அப்படித்தான் என்று காட்டிவிட்டால் மூன்று தலைமுறை ஆயிற்றே!

வழக்கு எப்படி நடந்தது என்று பாருங்கள். சட்டத்தை எழுதிய வக்கீல் ஆப்ரி ஸ்ட்ரோட்தான் காலனிக்காக வாதாடினார். கேரிக்காக வாதாட வைக்கப்பட்ட இர்விங் வைட்ஹெட், காலனி நிர்வாகக் குழுவில் முன்பு உறுப்பினராக இருந்தவர், காலனி சூப்பரின்டென்டென்ட்டுக்கு நண்பர். தன் தரப்புக்கு ஒரு சாட்சியைக்கூட அவர் கூப்பிடவில்லை. கேரியின் பள்ளிப் பதிவேட்டை வரவழைத்திருந்தாலே பாதி வழக்கு விழுந்திருக்கும். ஹாரி லாஃப்லின் என்ற நிபுணர், கேரியை ஒரு முறைகூடப் பார்க்காமலேயே எழுத்து மூலம் சாட்சியம் கொடுத்தார். கேரியின் உறவுக்காரப் பிள்ளைகளைப் பற்றிச் சாட்சி சொல்ல ஆசிரியைகளும் வந்தார்கள். அந்தப் பிள்ளைகள் மந்தம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மந்தம் என்று நாமும் ஸ்டாஃப் ரூமில் எத்தனை முறை சொல்லியிருப்போம்.

சமூகப் பணி செய்கிற பிள்ளைகள் கவனிக்க வேண்டிய சாட்சி இன்னொருவர். செஞ்சிலுவைச் சங்கத்தைச் சேர்ந்த சமூகப் பணியாளர் கரோலின் வில்ஹெல்ம். விவியனைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கோர்ட்டில் சாட்சி சொன்னார். குழந்தைக்கு அப்போது எட்டு மாதம்கூட நிரம்பவில்லை. இவ்வளவு சின்னக் குழந்தையைப் பற்றிச் சொல்வது கடினம்தான், ஆனாலும் முழுக்க இயல்பான குழந்தையாக எனக்குத் தோன்றவில்லை என்றார். தாயைப் பற்றி ஏற்கெனவே தெரிந்திருப்பதால் என் பார்வை அந்தப் பக்கம் சாய்ந்திருக்கலாம் என்றும் அவரே ஒப்புக்கொண்டார். அது கோர்ட்டு ஆவணத்தில் இருக்கிறது. என்ன பயன்? முதல் வாக்கியத்தைத்தான் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

கேரியிடம் யாரும் கேட்கவே இல்லையா என்றால், கேட்டார்கள். காலனியின் நிர்வாகக் குழு விசாரணையில், இந்த ஆபரேஷனைப் பற்றி நீ ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று ஒரு கேள்வி. இல்லை ஐயா, என்னைச் சேர்ந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற பொருளில் ஒரு பதில். அவ்வளவுதான். தன்னைச் சேர்ந்தவர்கள் என்று அவர் யாரை நினைத்தாரோ! காலனியில் இருந்த அம்மாவையா, தன்னை அனுப்பிவைத்த குடும்பத்தையா, எதிராளியின் சிநேகிதரான அந்த வக்கீலையா? கேள்வி கேட்டாயிற்று, பதில் பதிவாயிற்று, சட்டப்படி எல்லாம் சரி.

நடுவில் சூப்பரின்டென்டென்ட் இறந்துபோக, அடுத்து வந்த டாக்டர் பெல் பெயரில் வழக்குத் தொடர்ந்தது. பக் எதிர் பெல். 1927 மே 2-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்று தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். சட்டம் படித்த பிள்ளைகளுக்குத் தெரியும், அந்த நாட்டின் பெரிய நீதிபதிகளில் ஒருவர். அம்மை குத்துவதைக் கட்டாயமாக்க அரசுக்கு அதிகாரம் இருந்தால் இதற்கும் இருக்கிறது என்று வாதித்து, அறிவிலிகள் மூன்று தலைமுறை வந்தது போதும் என்ற கருத்தோடு முடித்தார். மாறுபட்ட பியர்ஸ் பட்லர் காரணம் எதுவும் எழுதவில்லை. அந்த ஆண்டு அக்டோபர் 19-இல் கேரிக்கு ஆபரேஷன் நடந்தது.

இனி விவியன். அந்தக் குழந்தை வளர்ந்து சார்லட்ஸ்வில்லில் வெனபிள் ஆரம்பப் பள்ளியில் சேர்ந்தது. அதன் மதிப்பெண் அட்டை பிற்காலத்தில் கிடைத்தது. இந்த வழக்கின் உண்மைகளைத் தோண்டி எடுத்தவர்களில் முக்கியமானவர் பால் லொம்பார்டோ என்ற சட்ட வரலாற்றாசிரியர். ஒழுங்குக்கு ஏ. மற்றப் பாடங்களில் நடுத்தரம். கணக்கில் மட்டும் பலவீனம். முப்பது வருடத்தில் இப்படிப்பட்ட அட்டைகளில் நான் போட்ட கையெழுத்துக்குக் கணக்கே இல்லை. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேரின் அட்டை இதுதான், மறுக்காதீர்கள். 1931 ஏப்ரலில் விவியனின் பெயர் பள்ளியின் சிறந்த மாணவர் பட்டியலிலும் வந்தது. அடுத்த வருடம் குடல் நோயில் இறந்துபோனது. எட்டு வயது.

கேரி காலனியை விட்டு வெளியே வந்து, வீட்டு வேலை செய்து, 1932-இல் கல்யாணமும் செய்துகொண்டார். தங்கை டோரிஸுக்கும் 1928-இல் அதே ஆபரேஷனைச் செய்திருந்தார்கள். அவரிடம் அப்பெண்டிக்ஸ் என்று சொல்லியிருந்தார்கள். குழந்தை வேண்டும் என்று அவரும் கணவரும் வருடக் கணக்கில் ஏங்கினார்கள். உண்மை தெரிந்தபோது அவருக்கு வயதாகிவிட்டது. அழுது தீர்த்தாராம். கேரி 1983-இல் இறந்தார். வர்ஜீனியாவில் மட்டும் சுமார் 8,300 பேருக்கும், அமெரிக்கா முழுவதும் 60,000-க்கு மேற்பட்டவர்களுக்கும் இப்படி நடந்தது. வர்ஜீனியாவின் கவர்னர் 2002 மே 2-இல், தீர்ப்பு வந்து சரியாக 75 வருடம் கழித்து, மன்னிப்புக் கேட்டார். அந்தத் தீர்ப்பை மட்டும் உச்ச நீதிமன்றம் இன்றுவரை வெளிப்படையாக ரத்து செய்யவில்லை.

இதே காலத்தில் ஜெர்மனி. ஹிட்லர் வந்த 1933-ஆம் ஆண்டு ஜூலையிலேயே இப்படி ஒரு சட்டம். சுமார் 4 லட்சம் பேர். போர் முடிந்து நூரம்பர்க்கில் விசாரணை நடந்தபோது, நாஜி தரப்பு பக் எதிர் பெல் தீர்ப்பையே எடுத்துக் காட்டியது. உலகம் வெட்கப்பட்டு நிறுத்தியிருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. ஜப்பான் 1948-இல்தான் சட்டமே கொண்டு வந்தது, 1996 வரை வைத்திருந்தது. சுமார் 25,000 பேருக்கு ஆபரேஷன். அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு விரோதம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 ஜூலையில். சட்டம் போனாலும் பழக்கம் போகவில்லை. ஹொக்கைடோ தீவில் ஓர் இல்லத்தில், அறிவுசார் குறைபாடுள்ள ஜோடிகள் சேர்ந்து வாழ விரும்பினால் முதலில் கருத்தடை செய்துகொள்ளும்படி சொல்லப்பட்டதாக 2022-இல் செய்தி வந்து பெரிய சர்ச்சையானது. அங்கே போலீஸ் இல்லை, கோர்ட்டு இல்லை. அக்கறையாகப் பேசுகிற ஊழியர்கள்தான்.

அக்கறை என்றதும் வட கரோலினாவைச் சொல்ல வேண்டும். வர்ஜீனியாவுக்குத் தெற்கே அடுத்த மாநிலம். மற்ற மாநிலங்களில் காலனியிலும் மனநல மருத்துவமனையிலும் அடைபட்டவர்களைத்தான் குறி வைத்தார்கள். வட கரோலினாவில் வீட்டில் இருப்பவர்களுக்கும் கருத்தடை செய்யும்படி மனுப் போடலாம். போடுகிறவர் யார் என்றால், மாவட்ட நல அலுவலகம். அதாவது வீடு வீடாகப் போய் உதவித்தொகை விவரம் எழுதுகிற அதே சமூகப் பணியாளர். அரிசி இருக்கிறதா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்று கேட்கிறவர்தான் அந்த மனுவுக்கும் விவரம் எழுதினார். 1933-இல் அமைத்த யூஜெனிக்ஸ் போர்டில் ஐந்து பேர் உட்கார்ந்து, வந்த மனுக்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். 1929 முதல் 1974 வரை சுமார் 7,600 பேர். பிந்தைய வருடங்களில் கறுப்பினப் பெண்கள் மிக அதிகம்.

அவர்களில் ஒருவர் எலைன் ரிடிக். வெளிப்படையாகப் பேசிப் போராடியவர் என்பதால் பெயர் சொல்கிறேன். 1968-இல் அவருக்குப் பதினான்கு வயது. பாலியல் பலாத்காரத்தால் கர்ப்பமாகி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிரசவத்தோடு கருத்தடையும் செய்துவிட்டார்கள். சம்மதப் பத்திரத்தில் இருந்தது, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி போட்ட பெருக்கல் குறி. நம் ஊர்க் கைநாட்டு மாதிரி. மூளைத்திறன் குறைவு என்று போர்டு எழுதிய அந்தப் பெண் பின்னாளில் கல்லூரியில் படித்தார், போர்டை எதிர்த்து வழக்குப் போட்டார், தோற்றார், மறுபடி வந்து பேசினார். 2013-இல் அந்த மாநிலம் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று 1 கோடி டாலர் ஒதுக்கியது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. இதற்கு மேல் பிள்ளை வேண்டாம் என்று தாங்களே விரும்பிய ஏழைப் பெண்களும் சிலர் அந்தப் போர்டுக்குப் போனார்கள். அன்றைக்கு அவர்களுக்கு வேறு வழி இல்லை. ஆபரேஷன் கிடைக்க வேண்டுமென்றால் தன்னை மூளைத்திறன் குறைந்தவள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்! ஆக, வேண்டாம் என்றவளுக்குக் கட்டாயமாகச் செய்தார்கள். வேண்டும் என்றவள் பட்டம் சுமந்து வாங்கினாள். கருத்தடை நல்லதா கெட்டதா என்று சிலர் இதை விவாதமாக்குவார்கள். ஆபரேஷனில் குற்றம் இல்லை, முடிவு யாருடையது என்பதில்தான் எல்லாமே.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். 1994 பிப்ரவரி, மகாராஷ்டிரம். புனே மாவட்டம் ஷிரூரில் அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்கான அரசு இல்லம். அங்கிருந்து பெண்களைப் புனே சசூன் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கர்ப்பப்பையை எடுத்தார்கள். பத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் செய்த பிறகு, பெண்கள் அமைப்புகளின் எதிர்ப்பால் மீதி நின்றது. சொன்ன காரணம் இரண்டு. மாதவிலக்கு நாட்களில் சுத்தம் பார்த்துக்கொள்ள அவர்களுக்குத் தெரியவில்லை. யாராவது கெடுத்துவிட்டால் கர்ப்பம் ஆகிவிடும்.

இரண்டாவது காரணத்தை மறுபடி ஒரு முறை படியுங்கள். கர்ப்பப்பையை எடுத்தால் கெடுக்கிறவன் நின்றுவிடுவானா? கர்ப்பம் ஒன்றுதான் நிற்கும். அதாவது தடயம் நிற்கும். பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. பெற்றோர் கேட்கும்போது நான் முதலில் சொல்வது இதைத்தான். மாதவிலக்கைப் பொறுத்தவரை, அது பெரும்பாலும் கற்றுக்கொடுக்கக் கூடிய விஷயம். நாப்கின் எடுப்பது, வைப்பது, மாற்றுவது, சுற்றிப் போடுவது, கை கழுவுவது என்று படம் படமாக ஒட்டி, ஒவ்வொரு படியாக, மாதக் கணக்கில் பழக்கினால் நிறையப் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். சிறப்புப் பள்ளி ஆசிரியைகளைக் கேட்டுப் பாருங்கள். கற்றுக்கொள்ள முடியாத பிள்ளைகளும் உண்டு, அவர்களுடைய அம்மாக்களின் பாடு எனக்குத் தெரியும். அறுபது வயதில் இடுப்பு வலியோடு முப்பது வயது மகளைக் குளிப்பாட்டுகிற அம்மாவிடம் போய்ச் சட்டம் பேச எனக்கு வாய் வராது. அவருக்கு வேண்டியது இன்னொரு ஜோடிக் கை. அதைக் கொடுக்காத ஊர், கத்தியைக் கொடுக்க மட்டும் தயாராக இருக்கிறது.

2009-இல் சண்டிகரில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தாய் தந்தை இல்லாத, அறிவுசார் குறைபாடுள்ள இளம்பெண். அரசு நடத்திய நாரி நிகேதன் இல்லத்தில் இருந்தபோது பலாத்காரத்துக்கு ஆளானார். அந்த ஆண்டு மே மாதம் கர்ப்பம் தெரிய வந்தது. கருவைக் கலைக்க அனுமதி கேட்டுச் சண்டிகர் நிர்வாகம் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றத்துக்குப் போனது. காப்பாற்றத் தவறியவர்களே பாதுகாவலர் என்று வந்து நின்றார்கள். உயர் நீதிமன்றம் நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. குழு அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து பேசியது. உடல் நிலை பிரசவத்தைத் தாங்கும் என்றது. முக்கியமாக, தனக்குக் குழந்தை வரப்போகிறது என்பதில் அந்தப் பெண்ணுக்குச் சந்தோஷம், பெற்றுக்கொள்ளவே விரும்புகிறார் என்று எழுதியது. அப்படியிருந்தும் உயர் நீதிமன்றம் கருக்கலைப்புக்கு உத்தரவிட்டது.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. சுசிதா ஸ்ரீவாஸ்தவா எதிர் சண்டிகர் நிர்வாகம். ஜூலை 21-இல் விசாரணை, கர்ப்பம் பத்தொன்பது வாரம் தாண்டிவிட்டது. அன்றைய சட்டத்தில் இருபது வாரம்தான் எல்லை. தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன், பி. சதாசிவம், பி.எஸ். சவுகான் மூவரும் இருந்த அமர்வு அன்றே கருக்கலைப்பை நிறுத்தியது. காரணங்களை விளக்கிய தீர்ப்பு ஆகஸ்ட் 28-இல் வந்தது. சதாசிவம் நம் ஈரோடு மாவட்டத்துக்காரர், பிற்பாடு தலைமை நீதிபதியானவர்.

1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தில், மனநோயாளி என்றால் பாதுகாவலர் சம்மதம் போதும் என்று இருக்கிறது. ஆனால் 2002-இல் அதைத் திருத்தியபோது, மனவளர்ச்சிக் குறைவை மனநோய்க் கணக்கில் சேர்க்கவில்லை. நீதிபதிகள் பிடித்தது அந்த நூலிழையைத்தான். மனநோய் வேறு, மனவளர்ச்சிக் குறைவு வேறு. ஆகவே இந்தப் பெண்ணின் சம்மதம் இல்லாமல் யாரும் கை வைக்க முடியாது. பிள்ளை பெறவும் பெறாமல் இருக்கவும் ஒரு பெண்ணுக்கு உள்ள உரிமை, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தருகிற சுதந்திரத்தில் அடங்கும் என்றார்கள். யூஜெனிக்ஸ் கொள்கையின் பேரால் முன்பு நடந்த கட்டாயக் கருத்தடைகளையும் தீர்ப்பிலேயே குறிப்பிட்டு, அது ஜனநாயகத்துக்கு விரோதம் என்று எழுதினார்கள். கேரி பக்கின் நிழல் சண்டிகர் வரை வந்திருந்தது.

தீர்ப்பின் இன்னொரு பகுதியைப் பத்திரிகைகள் அவ்வளவாகப் பேசவில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. அவளால் எப்படிக் குழந்தையை வளர்க்க முடியும் என்பதுதானே எல்லார் கேள்வியும்? 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய அறக்கட்டளை கோர்ட்டுக்கு வந்து, இந்தப் பெண்ணை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், குழந்தை வளர்ப்பிலும் துணை இருக்கிறோம் என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தது. அந்த உறுதி இருந்ததால்தான் அவளுடைய விருப்பத்துக்கு ஒரு மதிப்பு வந்தது. கேரியிடமும் கேட்டார்கள், இவளிடமும் கேட்டார்கள். வித்தியாசம், பதிலைக் கேட்ட பிறகு யார் என்ன செய்தார்கள் என்பது. அந்த ஆண்டு டிசம்பரில் பெண் குழந்தை பிறந்தது.

இப்போது கையெழுத்து யார் போட வேண்டும் என்பதற்கு வருகிறேன். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 10. பிள்ளைப்பேறு, குடும்பக் கட்டுப்பாடு பற்றிய தகவல்கள் மாற்றுத்திறனாளிகளுக்குக் கிடைக்கும்படி அரசு செய்ய வேண்டும். மலடாக்கும் எந்த மருத்துவச் செயலையும், அந்த நபரே விவரம் புரிந்து, தாமாகச் சம்மதிக்காமல் செய்யக் கூடாது. அப்பா அம்மா கையெழுத்து என்று அதில் இல்லை. பிரிவு 92, மாற்றுத்திறனாளிப் பெண்ணின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் கருக்கலைப்புச் செய்தால் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு என்கிறது. ஆனால் அதிலேயே ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறார்கள். குறைபாடு கடுமையாக இருந்தால், டாக்டர் கருத்தும் பாதுகாவலர் சம்மதமும் போதுமாம். கடுமை என்பதை யார் அளப்பது? வட கரோலினாவின் போர்டும் அளந்துதானே எழுதியது. இந்த வாசலைப் பற்றி எனக்குக் கவலை உண்டு.

புரிந்து சம்மதிக்க வேண்டும் என்றால் புரியவைக்க ஒருவர் வேண்டும். அங்கேதான் உங்கள் வேலை ஆரம்பிக்கிறது. ஒரே நாளில் ஒரே கேள்வி கேட்டுப் பதில் எழுதிக்கொண்டு வருவது கேரிக்கு நடந்தது. நீங்கள் நாலு தடவை போக வேண்டும். படம் வைத்துப் பேச வேண்டும். அம்மா பக்கத்தில் இருக்கும்போது ஒரு முறை, இல்லாதபோது ஒரு முறை. இன்றைக்குச் சொன்ன பதிலையே அடுத்த வாரமும் சொல்கிறாளா என்று பார்க்க வேண்டும். சரி என்று தலையாட்டுவது புரிந்ததால் இல்லாமல், பெரியவர்களுக்குத் தலையாட்டிப் பழகியதாலும் இருக்கும். முப்பது வருடம் வகுப்பில் "புரிஞ்சுதா?" என்று கேட்டு, "புரிஞ்சுது டீச்சர்" என்ற கோரஸைக் கேட்டவள் சொல்கிறேன்.

அறிவுசார் குறைபாடு மட்டும் இல்லை. போலியோவால் கால் இழுத்து நடக்கிற பெண் கர்ப்பமானால், "உனக்கு எதுக்கும்மா இது?" என்று செக்கப்புக்குப் போன இடத்திலேயே கேட்கிறார்கள். பிரசவ அறையில் காது கேளாத பெண்ணுக்கு, முக்கச் சொல்கிறார்களா நிறுத்தச் சொல்கிறார்களா என்று எப்படித் தெரியும்? முகக்கவசம் போட்டிருந்தால் வாயசைவுகூடத் தெரியாது. சைகை மொழி தெரிந்த ஒருவரை உள்ளே விடும்படி முன்கூட்டியே எழுதி வாங்கி வைப்பது ஒரு சமூகப் பணியாளரால் முடிகிற காரியம். பார்வையற்ற தாய்க்கு மருந்து அளவை டிராப்பரில் தொட்டுத் தெரியும்படி ஒரு கீறல் போட்டுக் கொடுப்பது ஐந்து நிமிட வேலை. பிள்ளை வேண்டாம் என்று சொல்கிற மாற்றுத்திறனாளிப் பெண்ணுக்கும் இதே துணை வேண்டும். அவளுக்கும் கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் நெருக்கடி இருக்கிறது.

முடியாது, இதெல்லாம் ஏட்டில்தான் என்பவர்களுக்கு ஒன்று. 4 லட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்த அதே ஜெர்மனியில், 2018 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், மாற்றுத்திறனாளித் தாய் தந்தையர் தங்கள் குழந்தையை வளர்க்க உதவியாளர் வைத்துக்கொள்வதை உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. நம் நாடு 2007-இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையின் 23-ஆம் பிரிவும் இதைத்தான் சொல்கிறது. குழந்தை வளர்ப்பில் உதவி தர வேண்டும், பெற்றோரின் குறைபாட்டைக் காரணம் காட்டிக் குழந்தையைப் பிரிக்கக் கூடாது.

பிரிவு 10-ஐ எளிய தமிழில், பெரிய எழுத்தில், படத்தோடு ஒரு பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓவியம் வரைகிற என் பேத்தி படம் போடுகிறாள். முடிந்ததும் கமெண்ட்டில் போடுகிறேன். எம்.எஸ்.டபிள்யூ பிள்ளைகளும், நர்ஸாக இருக்கிற நம் பிள்ளைகளும் பார்த்து, எந்த வார்த்தை புரியாது, எந்தப் படம் குழப்பும் என்று திருத்திக் கொடுங்கள். சிறப்புப் பள்ளியில் வேலை செய்கிறவர்கள், உங்கள் மாணவிகளிடமே ஒரு முறை காட்டி, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.